அவங்க ஏன் குழந்தைய தூக்கல

"இது ஒட்டிக்குமா டாக்டர்?"னு பையன கூட்டிட்டு வந்த அம்மா கேட்டாங்க. "தடிப்பு வெளிய தெரிஞ்சாச்சுன்னா ஒட்டாதும்மா, தாராளமா ஸ்கூலுக்கு அனுப்பலாம்"னு சொன்னேன். சரியான பதில். இப்ப எந்த புத்தகத்த எடுத்து பாத்தாலும் அதேதான் இருக்கும். அப்பறம் எதுக்கு இத எழுதிட்டிருக்கேன்னா, எனக்கே சரியா சொல்லத் தெரியல.

பையனுக்கு நாலு வயசு. ரெண்டு கன்னமும் யாரோ அறைஞ்ச மாதிரி சிவந்து கிடந்துச்சு, வாயச் சுத்தி மட்டும் வெளுப்பு. சட்டைக் கைய மடிச்சா மேல்கையில வலை பின்னுன மாதிரி சிவப்பு. ஒரு வாரம் முன்னாடி சளி, லேசா காய்ச்சல், அவ்வளவுதான். எனக்கு முதல்ல வந்த பயம் தட்டம்மை, ஏன்னா அதுவா இருந்தா அவன் எந்திரிச்சு போனப்பறமும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த ரூம் காத்துலயே வைரஸ் நிக்கும், வெளிய கைக்குழந்தைங்களோட எத்தன பேர் உக்காந்திருந்தாங்க. டார்ச் அடிச்சு கன்னத்துக்கு உள்பக்கம் உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கான்னு தேடினேன், காதுக்குப் பின்னாடி பாத்தேன், உள்ளங்கை உள்ளங்கால்ல கொப்புளம் இருக்கான்னு பாத்தேன். எதுவும் இல்ல. அப்ப இது பார்வோவைரஸ் பி19ங்கற வைரஸ்தான். நாங்க ஃபிஃப்த் டிசீஸ்னுதான் சொல்லுவோம், தடிப்போட வர்ற குழந்தை நோய்களுக்கு அந்தக் காலத்துல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு வச்சிருந்தாங்க, அதுல இது அஞ்சாவது. அந்த பி19ங்கறதும் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, 1975ல இவோன் கோசார்ட் ரத்த சாம்பிள்கள டெஸ்ட் பண்ணப்ப பி வரிசையில 19வது சாம்பிள்ல மாட்டுச்சு, அதுவே பேராயிடுச்சு.

கரெக்டா பிடிச்சிட்டோம்னு ஒரு சந்தோஷம் எனக்கு. அதுதான் இப்ப குத்துது. அந்த சந்தோஷத்துலதான் கடகடன்னு பேசினேன், மருந்து வேண்டாம், தானா போயிடும், வெயில்லயோ வெந்நீர்லயோ நின்னா திரும்பவும் சிவக்கும், ரெண்டு மூணு வாரத்துக்கு வந்து வந்து போகும், பயப்படாதீங்கன்னு.

கதவுகிட்ட போயிட்டு திரும்பினாங்க. "பெரியவங்களுக்கும் வருமா?" நான் அடுத்த சீட்ட எடுத்தாச்சு. "வரலாம்மா, வந்தா கொஞ்ச நாள் மூட்டு வலி இருக்கும், வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லையாம்.

ராத்திரி படுத்தப்பறம்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பையன பெட்ல ஏத்தச் சொன்னப்ப அவங்க தூக்கல. "நீங்களே தூக்கி உக்கார வைக்கிறீங்களா"ன்னாங்க, நானும் தூக்கி வச்சேன். நாலு வயசுப் பையன், கனம்தான். முதுகு வலியா இருக்கலாம், ஒரு கையில பை வேற இருந்துச்சு. ஆனா கர்ப்பமா இருந்தா? இந்த வைரஸ் ரத்த சிவப்பணு உருவாகுற இடத்துலயே போய் உக்காரும். நல்லா இருக்குற குழந்தைக்கு அது ஒரு விஷயமே இல்ல, வயித்துக்குள்ள இருக்குற சிசுவுக்கு ரத்தசோகை வந்து உடம்பெல்லாம் நீர் கோத்துக்கும், முக்கியமா முதல் 20 வாரத்துக்குள்ள தொத்துனா.

நான் கேக்கல. ஒரே ஒரு கேள்வி.

சீனியர்கிட்ட சொன்னேன். "தடிப்பு வர்றதுக்கு முன்னாடிதான் அது பரவும், நீ பாக்கும்போதே அவங்களுக்கு வர வேண்டியது வந்தாச்சு, பாதி பெரியவங்களுக்கு ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கும், தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது, எதுக்கு ஒரு வீட்ட பயமுறுத்துற"ன்னாரு. அவர் சொன்னதுல ஒண்ணு கூட தப்பில்ல. ஆனா ரத்தத்துல ஆன்டிபாடி பாக்கலாம், புதுசா தொத்துனதுன்னா அடிக்கடி ஸ்கேன் பண்ணி சிசுவ கவனிக்கலாம், ரொம்ப மோசமானா வயித்துக்குள்ளயே ரத்தம் ஏத்தலாம், இதுவும் தப்பில்லையே. அவர்கிட்ட இத நான் சொல்லல. ஏன்னு தெரியல, அவர் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ரெஜிஸ்டர்ல நம்பர் பாத்து போன் பண்ணேன். பையன் நல்லா இருக்கான்னு சொன்னாங்க, பின்னாடி நாலஞ்சு பேர் பேசுற சத்தம். "நீங்க கர்ப்பமா இருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான், வழக்கமா கேக்குறது."

"வழக்கமா கேக்குறதுன்னா நேத்தே கேட்டிருப்பீங்களே."

என்கிட்ட பதில் இல்ல. ஒருவேளை தெரிஞ்சவங்க யாராவது அப்படி இருந்தா, அவங்க டாக்டர்கிட்ட இந்த வைரஸ் பேர சொல்லச் சொல்லுங்க, ஒரு ப்ளட் டெஸ்ட்தான்னு சுத்தி வளைச்சு சொன்னேன். இப்பல்லாம் எல்லார்கிட்டயும் கேட்டுடுறேன், போன மாசம் ஒரு அப்பா அந்தக் கேள்விக்கே வெலவெலத்துப் போயிட்டாரு, அவர் மனைவிக்கு எட்டாவது மாசமாம், சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆச்சு, இதுதான் சரின்னும் அடிச்சு சொல்ல முடியல.

அன்னிக்கு அவங்க போன வைக்கல. பேச்சு சத்தம் குறைஞ்சுது, வேற ரூமுக்கு போயிருப்பாங்க போல, ஒரு கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர், மெதுவா."