ஒரு பஞ்சருக்கு நாலு ஆலோசகர்கள்

மகள் பிளஸ் ஒன் சேர்ந்ததும் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். சைக்கிளை அரசாங்கம் கொடுத்தது, பஞ்சரைச் சீமைக் கருவேலம் கொடுத்தது. எங்கள் சிவகங்கைப் பக்கம் ரோட்டின் இரண்டு ஓரமும் அதுதான். முள் காய்ந்து உதிர்ந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, டயருக்கு மட்டும் தெரியும்.

தெருமுனையில் பஞ்சர் கடை ஒன்று உண்டு. ஆனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலே கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். "பைக் மட்டும்தான்க்கா பார்க்கிறது." சரி, நாமே ஒட்டிக்கொள்வோம், ஒரு பஞ்சர் கிட் வாங்கினால் முடிந்தது என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலில் களம் இறங்கியவர் என் வீட்டுக்காரர். போனில் 'பஞ்சர் கிட்' என்று தேடி, நட்சத்திரம் அதிகம் வாங்கியதாகப் பார்த்து ஆர்டர் போட்டார். பெட்டியைத் திறந்தால், கைப்பிடி வைத்த பெரிய ஊசி ஒன்று, முறுக்கு அரம் ஒன்று, பிசுபிசுவென்று ரப்பர் குச்சிகள். மாமா, அதாவது இவர் அப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏண்டா, கோணி தைக்கப் போறியா?"

அது டியூப்லெஸ் டயருக்கானது. டயர் ஓட்டையில் வெளியிலிருந்தே குச்சியைச் சொருகி அடைப்பது. உள்ளே டியூப் இருக்கிற சைக்கிளில் அந்த ஊசியை இறக்கினால், முள் பாக்கி வைத்ததை ஊசி முடித்துவிடும். "பின்னாடி பைக்குக்கு ஆகும்" என்று இவர் அதைப் பீரோ மேல் வைத்தார். இவர் பைக்கிலும் டியூப்தான்.

அடுத்து, சென்னையில் கியர் சைக்கிள் ஓட்டும் என் தம்பி. "அக்கா, சொல்யூஷன் பசையெல்லாம் எந்தக் காலம்? ஸ்டிக்கர் பேட்ச் வந்தாச்சு. உரிச்சு ஒட்டு, கிளம்பு" என்று ஒரு டப்பாவைக் கூரியரில் அனுப்பினான். மெல்லிசான, பளபளப்பான துண்டுகள். இவர் ஒன்றை உரித்து ஒட்டிக் காற்றடித்தார். மகள் டியூஷன் போனாள். வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கர் சரியில்லை என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்ப்பானது.

மாமாவின் கட்சியே வேறு. "பேட்ச்சுக்கு எதுக்குக் காசு? பழைய டியூப்பை வட்டமா வெட்டு, உப்புத்தாள்ல தேய், சொல்யூஷன் போட்டு ஒட்டு." வாஸ்தவம்தான், அந்தக் காலத்துக் கடைகளில் அப்படித்தான் செய்வார்கள். எங்களிடம்தான் பழைய டியூப் இல்லை. இருந்த ஒன்றையும் அவரே தண்ணீர் மோட்டாரைக் கட்டிவைக்க எடுத்துக்கொண்டார்.

கடைசியில் நானே பஜாரில் சைக்கிள் சாமான் விற்கும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பத்துப் பதினைந்து சாமானோடு ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். பேட்ச்சே எட்டு அளவில் இருந்தது. எனக்கு எதற்கு எட்டு அளவு? முள் போடுவது ஊசி ஓட்டை. இருபத்தைந்து மில்லிமீட்டர் வட்டம் தாராளமாகப் போதும். ஓரம் மெலிந்து ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதா, ஒட்டும் பக்கத்தில் ஈயத்தாள் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். ஓரம் தடித்த பேட்ச் டயருக்குள் உரசி உரசியே கிளம்பிவிடும். டப்பாவில் இருந்த தகரச் சுரண்டியும் வேண்டாம் என்றேன். அது டியூப்பைத் தேய்க்காது, கிழிக்கும். உப்புத்தாள் ஒரு துண்டு போதும்.

சொல்யூஷனுக்குத்தான் நேரம் எடுத்தது. அண்ணாச்சி பெரிய டியூப்பை நீட்டினார். "இதை வாங்கு தாயி, ஆயுசுக்கும் வரும்."

"ஒரு தடவை ஓட்டை போட்டா காய்ஞ்சிடுமே அண்ணாச்சி?"

அவர் ஒன்றும் பேசாமல் சின்ன டியூப் இரண்டை எடுத்து வைத்தார். சீல் பிரியாமல் இருக்கிறதா, அமுக்கினால் உள்ளே நெகிழ்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "ஒரு பஞ்சருக்கு எதுக்கு ரெண்டு?" என்றார்.

மறுநாள் ஞாயிறு. சைக்கிள் தலைகீழாக நின்றது, மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் காரியமாகக் காற்றடித்து, வால்வில் எச்சில் தொட்டு வைத்தார். வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய், அந்த வால் டியூப், கிழிந்திருந்தால் அங்கேயே குமிழி வருமாம், டயரைக் கழற்றும் வேலையே இல்லையாம். வரவில்லை. டியூப்பை வெளியே எடுத்து, தண்ணீர் பேசினில் அமுக்கினோம். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் இல்லை, அதற்கு ஒரு விரல்கடை தள்ளி! மாமா டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி, ஒரு கருவேல முள் நுனியைப் பிடுங்கி இவர் உள்ளங்கையில் வைத்தார். இவர் அதைப் பார்க்காதது மாதிரி பம்பைத் துடைத்தார். தம்பிக்கு யாரும் போன் செய்யவில்லை.

தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பேட்ச்சை விட அகலமாகத் தடவியாயிற்று. இனி ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. உள்ளே இருக்கிற கரைப்பான் பறந்து, மினுமினுப்புப் போக வேண்டும். இவருக்குச் சும்மா இருக்க வரவில்லை, குனிந்து ஊத ஆரம்பித்தார். "ஊதாதடா, வாய் ஈரம் படும்!" பிறகு போனை எடுத்து வாசித்தார். 1887-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்கிற கால்நடை மருத்துவர், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தாராம்.

"அந்த ஊர்ல கருவேலம் இருந்திருக்காது" என்றார் மாமா.

ஈயத்தாளை உரித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு என் பூரிக்கட்டையால் அழுத்தினார்கள். நான் அடுக்களையில் இருந்ததால் தடுக்க முடியவில்லை. டியூப் டயரில் ஒட்டாமலிருக்க மகளின் பவுடரையும் தூவினார்கள். சைக்கிள் மணந்தது.

காற்று நின்றது. அதோடு விட்டிருக்கலாம். இவர் தெருவில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் பிளஸ் ஒன் பிள்ளைகளின் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. மாமா நாற்காலியில் உட்கார்ந்து எச்சில் தொட்டு வைக்கிறார், இவர் ஒட்டுகிறார். இரண்டு சொல்யூஷனும் தீர்ந்து, போன வாரம் கூடுதலாக ஒரு டஜன் வாங்கி வந்தார். "எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டேன். "சின்னதாத்தான் வாங்கணும், பெருசு காய்ஞ்சிடும்" என்று எனக்கே விளக்கினார்.