சீமைக் கருவேலக் கைத்தடி, ஆவுளியா பிடி

கைத்தடி உடைந்தால் பெரும்பாலும் பிடியும் கம்பும் சேருகிற அந்த இரண்டு அங்குலத்தில்தான் உடையும். பிடியைச் செதுக்க ஒரு வாரம் மெனக்கெடுகிறவர்கள்கூட அந்த இடத்துக்கு ஒரு ஆணியும் கொஞ்சம் பசையும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கீழே விழுவது தடி மட்டும் என்றால் பரவாயில்லை. அதனால் இந்தக் குறிப்பில் அழகு வேலைக்குக் கொடுக்கிற இடத்தைவிட இணைப்புக்கும் அளவுக்கும் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்திருக்கிறேன்.

கம்புக்கு மரம் தேடி அலைய வேண்டாம், நம் ராமநாதபுரம் பக்கம் காடாய்க் கிடக்கிற சீமைக் கருவேலமே போதும். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாயைக் கெடுத்தது என்று திட்டுகிறோம், திட்டலாம். ஆனால் கெட்டியான மரம். காய்ந்தபின் ஈரக் காற்றுக்கும் வெயிலுக்கும் அதிகம் சுருங்கி விரியாது. சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்துக்கு வெட்டுகிற இடத்தில் நிலத்துக்காரரிடம் கேட்டால் கம்பு கிடைத்துவிடும். தானாக வளர்ந்த மரத்தின் கிளை கோணலாகத்தான் இருக்கும். முன்பு வெட்டிவிட்ட தூரிலிருந்து தழைத்த போத்துதான் நேராக ஓடியிருக்கும். பட்டையோடு 32 முதல் 35 மி.மீ. கனம், நீளம் 110 செ.மீ. பார்த்து எடுங்கள். பட்டையின் வெடிப்பு கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் அப்படியே முறுக்கியிருக்கும். அது காயும்போது திருகும், வேண்டாம். முள் குத்தினால் நாள்கணக்கில் வீங்கி வலிக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். ஷூ, தோல் கையுறை, கண்ணாடி மூன்றும் அவசியம்.

பனை வைரத்தில், அதாவது முற்றிய பனையின் கெட்டிப் பகுதியில், செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், கறுப்பு நாரோடு பார்க்கவும் அழகு. ஆனால் அந்த நார் ஊசி ஊசியாகப் பிரிந்து கையில் ஏறும். மெழுகும் எண்ணெயும் அதை அடக்காது, எபாக்சி பூச்சு கொடுத்தாக வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று. பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது இறங்குகிற பனஞ்சட்டம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறி நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். அடுத்தது வண்டு. இளம் போத்தில் வெளிர் மஞ்சள் வெளிமரம்தான் அதிகம், அதில் இருக்கிற மாவுச்சத்து வண்டுக்குத் தீனி. பட்டையை உரித்துவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, கம்பு பச்சையாக இருக்கும்போதே தூரிகையால் மூன்று முறை பூசுங்கள். காய்ந்த கம்பில் பூசினால் உள்ளே இறங்காது. வண்டுக்குக் கடல் தண்ணீரில் ஊறப் போடுவது சரியில்லை. உப்பு உள்ளே தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் கம்பு வியர்க்கும், மேல்பூச்சு நிற்காது. செய்து முடித்த கம்பிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பித்தால் வைத்தியம் பார்க்காமல் அடுப்பில் வைத்துவிடுவது நல்லது.

ஒரு நேரான இரும்புக் குழாயோடு நான்கு இடத்தில் கட்டி, நிழலில், தரையில் படாமல் காயவிடுங்கள். இந்தக் கனத்துக்கு ஆறு மாதம் முதல் எட்டு மாதம் பிடிக்கும். காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் அனுபவஸ்தர்களுக்கு. மற்றவர்கள் சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து, கம்பிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் எடை மாறாவிட்டால் காய்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மழைக்காற்றில் காய்ந்த கம்பும் எடை ஏறும்.

கோணல் மிச்சம் இருந்தால் சூட்டில் எடுக்கலாம். தகரத் தட்டில் ஈர மணலைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, கோணல் இருக்கிற பகுதியை அரை மணி நேரம் புதைத்து, எடுத்த கையோடு மரக் கவையில் கொடுத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை பிடிக்க வேண்டும். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் நான்கு முறை அலசுங்கள்.

இனி உயரம். தடி யாருக்கோ அவர் தினமும் போடுகிற செருப்போடு நிற்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்தால் அதுதான் மொத்த உயரம், பிடியும் அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ்ஷும் சேர்த்து. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 83, 84 செ.மீ. வரும். "நிமிர்ந்து நில்லுங்க அப்பத்தா" என்றால் அவர்கள் விறைத்துக்கொண்டு தோளைத் தூக்கிவிடுவார்கள், அளவு 2 செ.மீ. தப்பிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பதுதான் வழி. தடியை ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். நீளம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் முதுகு கூனும். கம்பை 5 செ.மீ. கூடுதலாகவே வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தபின் அடியில் அறுங்கள். மேல்முனை 28 மி.மீ., அடிமுனை 19 மி.மீ. என்று இழைத்து இறக்கினால் கடையில் கிடைக்கிற புஷ் சரியாக உட்காரும்.

பிடிக்குப் பூவரசு. கடலோர ஊர்களில் வேலிக்கு நிற்கிற அதே மரம்தான். நெருக்கமான நார், சாக்லேட் நிற வைரம், உளிக்கு இணங்கும். உருவம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் உள்ளங்கை என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். யாளியும் மயிலும் அலமாரியில் அழகாக இருக்கும், பத்து நிமிடம் ஊன்றி நடந்தால் கொண்டையும் பல்லும் கையைக் குத்தும். ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, முதுகுத் துடுப்பு இடைஞ்சல். ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அது கிடையாது. முதுகு மொழுமொழுவென்று ஒரே வளைவு, மூஞ்சி கடற்புல் மேய்வதற்காகக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். கைப்பிடிக்கென்றே பிறந்த உருவம்.

கட்டை 135 மி.மீ. நீளம், 38 அகலம், 55 உயரம். நார் மூஞ்சியிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஓட வேண்டும். செதுக்கத் தொடங்குவதற்கு முன்பே துளை போட்டுவிடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை செங்குத்தாக இறங்கும். உருட்டியபின் எது செங்குத்து என்றே தெரியாது. மூஞ்சி முனையிலிருந்து 45 மி.மீ. தள்ளி, அடிப்பக்கத்தில், 8.5 மி.மீ. பிட்டால் 37 மி.மீ. ஆழம். பிட்டில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதுகில் பொத்துக்கொண்டு வரும். தலை முன்னால், கம்புக்குப் பின்னால் நீள்கிற உடம்பில்தான் உள்ளங்கை உட்காரும்.

பக்கவாட்டு உருவத்தைக் காகிதத்தில் வெட்டி ஒட்டி, கோடு வரை வாளால் ஒரு விரல் இடைவெளியில் குறுக்கே அறுத்து, துண்டுகளை உளியால் தட்டி எடுங்கள். பிறகு மேலிருந்து பார்க்கிற உருவம். அதன் பின் அரம். முதுகின் உச்சியிலிருந்து மூஞ்சியை நோக்கி இறங்குகிற திசையில் உளி ஓட வேண்டும், திருப்பி ஏற்றினால் நார் பிய்ந்து கண் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். அடியில் கம்பு உட்காரும் வட்டக் கழுத்தை 8 மி.மீ.க்கு மேல் நீட்டாதீர்கள். அங்கே நார் குறுக்கே ஓடுவதால் நீண்ட கழுத்து பிஸ்கட் மாதிரி ஒடியும். வாலும் அதே கதைதான். இரண்டு பிரிவாக விரித்துச் செதுக்கினால் முதல் முறை கீழே விழும்போதே ஒரு பிரிவு போய்விடும். விரிக்காமல் உடம்போடு ஒட்டி, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல்புடைப்பாகக் காட்டுங்கள். கைத்துடுப்புகளையும் விலாவோடு ஒட்டி வைத்தால் விரல் வழுக்காமல் நிற்க ஒரு பிடிமானம் ஆகும்.

முக்கால்வாசி முடிந்ததும், பயன்படுத்தப் போகிறவர் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, ஊன்றுகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை அழுத்தமாக ஒட்டிய இடமெல்லாம் மேடு. ராவிவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு தடவையில் வெள்ளை ஒரே சீராகப் படியும். அதற்குப் பிறகு உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில். கண் ஆவுளியாவுக்குச் சின்னது, 3 மி.மீ. ஆணி முனையால் குத்திய புள்ளி போதும். குன்றிமணி பதிக்காதீர்கள், அது விஷ விதை, பெயர்ந்து விழுந்தால் வீட்டுக் குழந்தை வாயில் போட்டுவிடும். அலங்காரத்துக்கென்று பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை எதையும் ஒட்டவே கூடாது. எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

இணைப்புக்கு 8 மி.மீ. மரை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 90 மி.மீ. நீளம். முடிந்தால் உப்புக்கு இன்னும் தாங்குகிற 316 ரகம். சாதா இரும்பு உப்புக் காற்றில் துருப்பிடித்து ஊதும், ஊதினால் உள்ளிருந்தே மரத்தைப் பிளக்கும். கடையில் சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள், கப்பென்று பிடித்தால் அது வேண்டாம். கம்பின் மேல்முனையில் 57 மி.மீ. ஆழம் துளை போடும்போது வெளியே ஹோஸ் கிளிப் ஒன்றை இறுக்கிக்கொண்டால் வெடிக்காது. ஒருவர் முன்னாலும் ஒருவர் பக்கவாட்டிலும் நின்று டிரில்லின் சாய்வைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் ராவுங்கள். பசை நிறைந்த துளைக்குள் கம்பியைத் தள்ளும்போது அடியில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் பிடி மெல்ல மேலே எழும்பி நிற்கும், அழுத்தித் தள்ளினால் கம்பு கீறும். அரால்டைட் மாதிரி மெதுவாக இறுகுகிற இருபாகப் பசையைச் சமமாகக் கலந்து, துளைக்குள்ளும் மரையிலும் தடவிச் செருகி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். ஐந்து நிமிடப் பசை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அவ்வளவு தாங்காது.

சேர்ந்த இடத்துக்கு மேல் பூண். உலக்கைக்குப் போடுகிற அதே காரியம்தான், மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பது. பித்தளைக் குழாயில் 15 மி.மீ. துண்டு, உள்விட்டம் 26. கம்பின் முனையை அந்த அளவுக்கு ராவி, பிடியை ஒட்டுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள், மறந்தால் பிறகு ஏற்ற வழியில்லை. பித்தளை இல்லாவிட்டால் 1 மி.மீ. நைலான் நூலால் நெருக்கமாகப் பதினைந்து சுற்று. நூலின் ஒரு முனையைக் கண்ணியாக மடித்துக் கம்பின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் சுற்றி, கடைசி முனையைக் கண்ணிக்குள் விட்டு மறுபக்கம் இழுத்தால் முடிச்சு சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

மேல்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகாது. அவை காய்ந்து இறுகுகிற ரகம் கிடையாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். படகுக்கு அடிக்கிற முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். வார்னிஷ் கை வியர்வையில் உரிந்து வரும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் நான்கு கோட். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வீட்டு எடை மெஷின் மேல் தடியை ஊன்றி, முள் 40 கிலோ காட்டும்வரை அழுத்துங்கள். சட்டென்று ஒரு சத்தம் கேட்டாலோ கம்பு ஒரு விரலுக்கு மேல் வளைந்தாலோ அந்தக் கம்பு ஆகாது.

ரப்பர் புஷ் அடி அகலமாக, வரி வரியாகப் பள்ளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறவர்களால் கோயில் தளம் எப்போதும் ஈரம், மொழுக்கென்ற புஷ் அங்கே சறுக்கும். கடற்கரை மணலிலும் சின்ன புஷ் புதையும். பள்ளம் தேய்ந்து அடி வழவழப்பானதும் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது உள்ளே மணல் அடைத்திருக்கும், அதைத் தட்டி, அடிமுனையைத் துடைத்துக் காயவைத்து, அதே ஆளிவிதை எண்ணெயை ஒரு பூச்சு தடவிய பிறகு புது புஷ்ஷைச் செருகுங்கள்.