கோடிங் ரவுண்டில் அர்ரே கேள்வி வந்தால் எல்ஸ் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

போன வாரம் ஆஃபர் லெட்டர் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது. வியாசர்பாடியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் அடுத்த பேட்ச்சுக்குத் தயாராகிறார்கள், அவர்களுக்காகத்தான் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன்.

ஆப்டிட்யூட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் படிப்பதையே படியுங்கள். என்னைக் கரையேற்றியது ஜாவாஸ்கிரிப்ட்டில் வந்த ஒரு கேள்வி: அர்ரேயில் (மதிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியல்) நிபந்தனைக்குப் பொருந்தும் உறுப்புகளை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும்.

நான் வீடியோ பார்த்துப் படிக்கிற ஆள் இல்லை. பேப்பரில் எழுதி, அவுட்புட் என்ன வரும் என்று முதலில் கையால் போட்டுவிட்டுத்தான் ரன் செய்வேன். காசிமேட்டு மீன் விலை எங்கள் வீட்டில் தினசரிப் பேச்சு என்பதால் அதையே அர்ரேயாக வைத்துக்கொண்டேன்: 900, 250, 600, 120. ஐந்நூறுக்கு மேல் இருந்தால் 100 குறைக்க வேண்டும். வர வேண்டிய விடை 800, 250, 500, 120.

இதற்கு மேப் போதும், அது ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, நாம் தரும் விடைகளை வைத்துப் புது அர்ரே கட்டும். ஆனால் இஃப் (நிபந்தனை பொருந்தினால்) உள்ளே மட்டும் ரிட்டர்ன் (விடையைத் திருப்பித் தருவது) எழுதி, எல்ஸ் (பொருந்தாவிட்டால்) பக்கத்தை விட்டுவிட்டால் 800, அன்டிஃபைன்ட் (மதிப்பு இல்லை), 500, அன்டிஃபைன்ட் என்று வரும். மேப் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு விடை கேட்கும். நாம் தராத இடத்தில் அன்டிஃபைன்ட் உட்கார்ந்துவிடும். மாறாத உறுப்பையும் ரிட்டர்ன் செய்தே ஆக வேண்டும். இஃப், எல்ஸ் இரண்டையும் ஒரே வரியில் எழுதும் டெர்னரியில் (? :) எழுதிப் பழகுங்கள், அதில் கோலனுக்குப் பின்னால் எதுவும் எழுதாவிட்டால் கோட் ஓடவே ஓடாது. பொருந்துபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் ஃபில்டர் போட்டுவிட்டு மேப் போட்டால் 800, 500 மட்டும் மிஞ்சும், நீளமே குறைந்துபோகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் விழுந்துவிடும் என்பது என் கணிப்பு.

மற்றவை சுருக்கமாக:

- ஃபார் ஆஃப் லூப் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒரு மாறியில் எடுத்துத் தரும், அந்த மாறிக்குப் புது எண் கொடுத்தால் அர்ரே மாறாது. இண்டெக்ஸ் (உறுப்பின் இட எண்) வழியாகத்தான் மாற்ற வேண்டும்.
- ஒவ்வொரு உறுப்புக்கும் ஒருமுறை ஓடும் ஃபார் ஈச் திருப்பித் தருவது அன்டிஃபைன்ட். அதை வேறொரு மாறியில் பிடித்துவைத்துப் பயனில்லை.
- லூப் ஓடும்போதே ஸ்ப்ளைஸ் (அர்ரேயிலிருந்தே உறுப்பை வெட்டியெடுப்பது) செய்து நீக்கினால் அடுத்த உறுப்பு விடுபட்டுப்போகும். கடைசி உறுப்பில் தொடங்கி முதல் உறுப்பை நோக்கி வாருங்கள்.

ஆப்ஜெக்ட்கள் (பெயர், விலை போன்ற விவரங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தவை) உள்ள அர்ரே வந்தால் நிதானம் தேவை. மேப் புது அர்ரேயைத்தான் தரும், ஆனால் உள்ளே இருப்பவை அதே பழைய ஆப்ஜெக்ட்கள். மேப்புக்குள் வஞ்சிரத்தின் விலையை நேரடியாக மாற்றினால் மூல அர்ரேயிலும் மாறிவிடும். "மூலம் மாறக் கூடாது" என்று கேள்வியில் ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். ஸ்ப்ரெட் (மூன்று புள்ளிக் குறி) போட்டு ஆப்ஜெக்டை நகலெடுத்து, விலையை மட்டும் மேலெழுதுங்கள். ஸ்ப்ரெட் மேல்மட்டத்தை மட்டும்தான் நகலெடுக்கும், உள்ளே இன்னொரு ஆப்ஜெக்ட் இருந்தால் அதையும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

ஒரே ஒரு உறுப்பை மாற்றச் சொன்னால் ஃபைண்ட் இண்டெக்ஸ், அது பொருந்தும் முதல் உறுப்பின் இட எண்ணைத் தரும். கிடைக்காவிட்டால் அது -1 தரும். அந்த -1-ஐ அப்படியே ஸ்ப்ளைஸுக்கோ 2023-இல் வந்த வித்துக்கோ (with, ஓர் இடத்தில் மட்டும் மதிப்பை மாற்றிப் புது அர்ரே தருவது) கொடுத்தால் கடைசி உறுப்பில் கைவைத்துவிடும், எர்ரரும் வராது. மறைத்துவைக்கும் டெஸ்ட் கேஸ்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. முதலில் -1-ஆ என்று பாருங்கள். தேர்வுத் தளத்தில் ஓடுவது நோட் (Node, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) 20-க்கு முந்தையது என்றால் வித் இருக்காது, மேப்பே போதும்.

அப்புறம், வீட்டில் சத்தம் அதிகம் என்கிறவர்களுக்கு: கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கத் தனி இடம் இருக்கிறது. நோட்டும் பேனாவும் கட்டாயம் எடுத்துப் போங்கள், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் விடையை எழுதிவிடுங்கள்.