சாப்பிட்ட கையோட கிரீன் டீ

போன வருஷம் ஜனவரில ஆரம்பிச்சேன். ஆபீஸ்ல ஆளாளுக்கு கிரீன் டீ கப்போட சுத்துறாங்க, நமக்கும் டெலிவரிக்கு அப்புறம் ஏறின எட்டு கிலோ இறங்கவே மாட்டேங்குது, சரி குடிச்சுதான் பாப்போமேன்னு. காலைல டிஃபன் முடிச்ச கையோட ஒண்ணு, மதியம் சாப்பாடு முடிச்சதும் ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சாப்பிட்ட உடனே குடிச்சா கொழுப்பு கரைஞ்சிரும்னு யாரோ சொன்னது, யாருன்னு கூட இப்ப ஞாபகம் இல்ல.

ஆறு மாசத்துல ஒன்றரை கிலோ குறைஞ்சுது. அதுவும் நாலு மணி பால் டீயையும் வடையையும் நிறுத்தினதாலன்னு வீட்டுக்காரர் சொல்றார், அவர் சொல்றது சரிதான், அவர்கிட்ட ஒத்துக்கல அவ்வளவுதான். ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொத்து கொத்தா கொட்டுது. டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.1. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, நான் சமத்தா அந்த மாத்திரையையும் கிரீன் டீயோடவே முழுங்கிட்டு இருந்திருக்கேன்! ஒரு மாசம் கழிச்சு 9.3. அப்பதான் கேட்டாங்க, "ஏம்மா, மாத்திரைய எதோட போடுற?"

எனக்கு பீரியட்ஸ்ல ரத்தம் ஜாஸ்தி போகும், பழி மொத்தத்தையும் டீ மேல போட முடியாது. ஆனா டீல இருக்கிற கேட்டகின், டானின்ங்கிற துவர்ப்புச் சரக்கெல்லாம் கீரை, பருப்பு, கேழ்வரகுல இருக்கிற இரும்புச்சத்த வயித்துலயே புடிச்சு வச்சிக்குமாம், உடம்புல சேர விடாதாம். ஈரல், மட்டன்ல இருக்கிற இரும்புக்கு இந்தத் தொல்லை ரொம்ப கம்மி. நானோ சுத்த சைவம், முருங்கைக்கீரைய வதக்கி வதக்கி சாப்பிட்டு மேல டீய ஊத்தியிருக்கேன். பால் டீ பார்ட்டிங்க சிரிக்காதீங்க, அதுவும் இதே வேலையத்தான் பண்ணும்.

ஏன்னா ரெண்டும் ஒரே செடி. கோத்தகிரில சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கு, அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பறிக்கிற கொழுந்து ஒண்ணுதான், ஃபேக்டரில அத உடனே ஆவில காட்டியோ சட்டில வறுத்தோ சூடு பண்ணிட்டா இலை கருக்காம பச்சையா நிக்கும், அது கிரீன் டீ, நசுக்கி காத்துல கருக்க விட்டா நம்ம சாதா டீ.

அப்ப நல்லதே இல்லையான்னா, இருக்கு. ஜப்பான்ல ஓசாகிங்கிற ஏரியால 40,530 பேர வருஷக்கணக்கா கவனிச்சு 2006ல ரிசல்ட் போட்டாங்க, ஒரு நாளைக்கு அஞ்சு கப்போ அதுக்கு மேலயோ குடிக்கிறவங்க இதய நோய், பக்கவாதத்துல சாகிறது கம்மியா இருந்துச்சு. அதுக்கு டீதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, அவங்க சாப்பாடு வேற, நடை வேற. கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சூண்டு குறையும். எடை விஷயத்துல மட்டும் 2012ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசுற ஒரு அமைப்புக்காரங்க நிறைய ஆய்வ சேத்து வச்சு பாத்துட்டு, குறையிறது கண்டுக்கிற அளவுக்கு இல்லன்னுட்டாங்க. இத நான் ஜனவரிலயே படிச்சிருக்கணும்.

நிஜமா பயப்பட வேண்டியது கேப்சூலுக்கு. பக்கத்து சீட்டு பொண்ணு டீ கசக்குதுன்னு கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை ஆன்லைன்ல வாங்கி வெறும் வயித்துல போட்டுட்டு இருந்தா. டீயா குடிச்சா நாளைக்கு 90லேருந்து 300 மில்லிகிராம் இஜிசிஜி (கிரீன் டீல இருக்கிற முக்கியமான கேட்டகின்) உள்ள போகும், மாத்திரைல 800ஐ தொட்டா ரத்தத்துல கல்லீரல் என்சைம் ஏறுது, கல்லீரல் அடிபடுறதுக்கு அது அறிகுறின்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018லயே சொல்லிருச்சு. வெறும் வயித்துல போட்டா இஜிசிஜி ரத்தத்துல இன்னும் ஜாஸ்தியா ஏறும். கசப்புக்குத் தண்ணிய கொதிக்க கொதிக்க ஊத்தாம கொஞ்சம் ஆற வச்சு ஊத்துனாலே போதும்னு சொன்னேன், கேட்டாளான்னு தெரியல.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம லிட்டர் லிட்டரா குடிக்காதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்களும் காஃபின் கணக்கு பாக்கணும், காபி டீ எல்லாம் சேத்து நாளைக்கு 200 மில்லிகிராம்தான், கிரீன் டீ ஒரு கப்புலயே சுமாரா 30 வந்துரும்.

நான் இப்பவும் குடிக்கிறேன். நாலு மணிக்கு ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நல்லா தள்ளி. நைட்டு கப்ப விட்டதுல தூக்கமும் வருது. மாத்திரைய எலுமிச்சம்பழ ஜூஸோட போடுறேன், போன வாரம் 11.4. கோத்தகிரிக்கு போன் பண்ணி சித்தப்பாகிட்ட சொன்னா சிரிக்கிறார், அவர் வீட்டுல இன்னைக்கும் பால் டீதான், ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோட.