தரைக்குக் கீழே கேட்காத மொழி

சப்டைட்டில் எழுதுவது என் வேலை. கொழும்பு பம்பலப்பிட்டியில் இரண்டாம் மாடியில் ஓர் அறை. ஒரு மேசையில் நான் தமிழ் எழுதுவேன்; பக்கத்து மேசையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் சிங்களம் எழுதுவார். அக்கா என்பதைச் சிங்களத்தில் அழைப்பதுபோல, அவரை ‘அக்கே’ என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருமுறை டரன்டினோவின் ‘இங்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’ வந்தது. 2009 மே 20 அன்று கான் விழாவில் முதன்முதலாகத் திரையிட்ட படம். இங்கே போர் முடிந்தது என்று அறிவித்த அதே வாரம். அந்தத் தேதியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை.

1945 ஏப்ரல் 30 அன்று பெர்லின் பதுங்குகுழியில் தற்கொலை செய்துகொண்ட ஹிட்லரை, இந்தப் படம் பாரிஸ் தியேட்டர் ஒன்றில் சுட்டுத் தள்ளுகிறது. யூதச் சிப்பாய்கள் நாஜிகளின் தலைத்தோலை உரிக்கிறார்கள். அந்தப் பகுதிகளெல்லாம் வேகமாக முடிந்தன. நான்கு நாள் என்னை உட்கார வைத்தது முதல் காட்சிதான்.

1941, பிரான்ஸ். பால் பண்ணைக்காரர் ஒருவரின் வீட்டுக்கு லாண்டா என்ற நாஜி அதிகாரி வருகிறான். பால் வாங்கிக் குடிக்கிறான். பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தவன், இனி ஆங்கிலத்தில் பேசலாமா என்று பணிவாகக் கேட்கிறான். தரைப்பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கும் யூதக் குடும்பத்துக்கு ஆங்கிலம் விளங்காது. மேலே பேரம் முடிகிறது, கீழே எதுவும் தெரியாது. பிறகு பலகையைத் துளைத்துச் சுடுகிறார்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் சப்டைட்டில் நின்றுவிடும். வாசிக்கும் வேலை போய் மனம் இலகுவாகும். பொறியே அந்த இலகுதான். தமிழில் எல்லாமே ஒரே எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும், மொழி மாறியதே தெரியாது. கடைசியில் ‘ஆங்கிலத்தில்’ என்று ஒரு சொல்லைப் போட்டேன். அது போதவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் லாண்டாவுக்குக் கடைசிவரை ‘நீங்கள்’தான் கொடுத்தேன். ‘நீ’ என்றால் பயம் குறைந்துவிடும்.

அந்தக் காட்சியை எழுதும்போதெல்லாம் பெரியப்பாதான் நினைவில் வந்தார். 1983 ஜூலைக் கலவரத்தில், தமிழரைத் தேடி வெள்ளவத்தையில் அவரை மறித்த சிங்களக் கும்பல், ஒரு வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டதாம். சிங்களத்தில் ‘பால்திய’. அதன் முதல் ஒலியை ஆங்கில ‘b’ போல அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் நாக்கு அங்கேதான் தடுக்கும். தமிழில் அதற்குத் தனி எழுத்துக்கூட இல்லை. பெரியப்பா சரியாகச் சொன்னார், விட்டுவிட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை ஒன்றும் பேசவில்லை.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். அந்தத் தரைக்கு அடியிலிருந்து தப்பிய பெண்தான் ஷோசன்னா. தியேட்டர் எரியும்போது திரையில் அவள் முகம் பெரிதாகச் சிரிக்கிறது. ஆனால் அதற்கு முன்பே புரொஜெக்டர் அறையில் சுடப்பட்டு அவள் இறந்துவிட்டாள். ஹிட்லர் செத்தது அவளுக்குத் தெரியாது. லாண்டாவும் அவள் கையில் அகப்படவே இல்லை. படம் பார்க்கிற எங்களுக்குத்தான் அந்த நெருப்பு கிடைக்கிறது. எனக்கும் அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். இரண்டாம் முறை ஓட்டியபோது, அவளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விதான் தொண்டையில் நின்றது.

திரையில் அவள் சொல்லும் ‘vengeance’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது? ‘வஞ்சம்’ என்று எழுதினேன், அழித்தேன். ‘பழிவாங்கல்’ நீளம். வெறும் ‘பழி’ என்றால் குற்றச்சாட்டும் அதுதான், பதிலடியும் அதுதான். அதையே வைத்தேன்.

“அக்கே, நீங்கள் என்ன போட்டீர்கள்?” என்று கேட்டேன்.

திரையை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து வாசித்துக் காட்டினார். ‘பளி.’