விருதுநகரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்கினால்

விருதுநகரில் விளைவது கொஞ்சம், விலை சொல்வது நிறைய. உளுந்து, துவரை, வத்தல், நல்லெண்ணெய் என்று இந்த ஊர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வருவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். 1870களில் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை வந்ததும் சரக்கு இங்கே இறங்கி ஏற ஆரம்பித்தது. விருதுபட்டி என்ற பெயர் 1923இல் விருதுநகர் ஆனது. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பஜாரில் வத்தல் நெடிக்குத் தும்மாமல் ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லை. கடைக்கார அண்ணாச்சி சிரித்தாரே தவிர, அவருக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை.

வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி ஊர்க் காரியம் பார்ப்பது இங்குள்ள நாடார் உறவின்முறை என்ற சமூக அமைப்பின் பழக்கம். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். அதற்காக வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கியதும் உண்டு. ராத்திரி எண்ணெய் பரோட்டா சாப்பிட்டேன். ஒன்றோடு நிறுத்தியவர்கள் யாரும் அந்தக் கடையில் இல்லை.

மறுநாள் சிவகாசி பஸ். சாத்தூர் இந்த வழியில் வராது, காராச்சேவு ஆசை இருந்தால் தனியாகத்தான் போக வேண்டும். திருத்தங்கல் வரை இரண்டு பக்கமும் கரிசல் காடும் சீமைக் கருவேலமும்தான். மழையை நம்பிப் பிழைக்க முடியாத மண். ஆனால் தீக்குச்சி காய, வெடிமருந்து காய, அச்சு மை காய இந்த வறண்ட வெயிலைப் போல எதுவும் கிடையாது. விவசாயத்தைக் கெடுத்த வெயில்தான் தொழிலுக்குக் கைகொடுத்தது.

1922இல் சிவகாசிக்காரர்களான அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷமே இங்கே தொழில் தொடங்கியது. அப்புறம் ஒன்றைத் தொட்டு ஒன்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதனால் அச்சகம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பட்டாசு இறக்குமதி நின்றது, மருந்து கையாளத் தெரிந்தவர்கள் பட்டாசில் இறங்கினார்கள். லேபிள் அடித்த ஊர் இன்று நம் வீட்டுத் தினசரி காலண்டரை அடிக்கிறது. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் ஆடிப்பெருக்கு அன்றே வெளிவந்துவிடும். நமக்கு ஆடி நடக்கும்போது அவர்களுக்குத் தை பிறந்துவிடுகிறது.

இங்கே ஃபாக்டரி என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்தான். வெடி ஆபீஸ்கள் ஊருக்கு வெளியே, வேப்ப மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் ஓடுவதற்கு வாசல்கள் வேண்டும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று விதி. விதி எழுத்தில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் ஒரு வெடி ஆபீஸ் வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். ‘குட்டி ஜப்பான்’ என்று இந்த ஊரைப் புகழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் வருகிறது. ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் விடியும் முன்பே வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸ் போன கதையும் அந்தப் புகழுக்குள்தான் இருக்கிறது.

தீப்பெட்டிக்கு இப்போது லைட்டர்தான் பகை. 14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்தது. பட்டாசுக்குப் பகை, 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் என்ற ரசாயனத்துக்கும் சரவெடிக்கும் போட்ட தடை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பால்கோவா வாங்கினேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. சூடு ஆறாததாகக் கேட்டு வாங்குங்கள், அது வேறு ருசி.

ராஜபாளையம் அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய மில்லிலிருந்து இந்த ஊர் நூலைப் பிடித்துக்கொண்டது. நாய் வாங்க வந்தீர்களா என்று ஆட்டோக்காரர் கேட்டார், நான் பக்கத்துச் சத்திரப்பட்டிக்குப் போகச் சொன்னேன். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி அங்கேதான் தெருத்தெருவாகத் தறியில் ஓடுகிறது. துணியை விரித்துப் பிடித்தால் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது, அவ்வளவு இளக்கமான நெசவு. தறிச் சத்தத்தில் தறிக்காரரிடம் நான் கத்த, அவர் பதிலுக்குக் கத்தினார். “கரண்ட் பில்லைப் பார்த்தா, இந்தத் துணிய எனக்குத்தான் சுத்தணும், தம்பி!”