டேமேஜ் அட்டவணையில் கடைசியாக வந்த கிளெரிக்

எங்கள் குழு ஐந்தாம் லெவலுக்கு வந்த அன்று ஓர் அட்டவணை போட்டேன். எல்லோருக்கும் ஒரு டர்ன் வந்து முடிவது ஒரு ரவுண்டு; அதில் ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு டேமேஜ் தருகிறோம், அதாவது எதிரியின் உயிரை எவ்வளவு குறைக்கிறோம் என்ற கணக்கு. ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டைபோடும் மேசை விளையாட்டு. வாள் வீசும் என் ஃபைட்டர் முதலிடம். தெய்வ மந்திரம் போடும் கிளெரிக்கை ஆடும் தோழி கடைசி. அதைப் பார்த்தவள், “அப்போ நான் கேரக்டரை மாத்திக்கட்டுமா?” என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை உறுத்தியது.

கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. தாக்கும்போது இருபதுமுகப் பகடையை உருட்டி, விழுந்ததோடு போனஸைக் கூட்டுவோம். என் தாக்குதல் போனஸ் +7. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; வாய்ப்பு 65 சதவீதம். பட்டால் என் பெரிய வாள் கிரேட்சோர்டின் டேமேஜ் இரண்டு ஆறுமுகப் பகடை, கூட 4, சராசரி 11. கிரிட்டிகலையும் (20 விழுந்தால் டேமேஜ் பகடைகள் இரட்டிப்பு) சேர்த்தால் ஒரு வெட்டுக்கு 7.5, இரண்டு வெட்டுக்கு 15. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத் திறனை (ஃபீட்) பயன்படுத்தி, தாக்குதல் போனஸில் 5 குறைத்து டேமேஜில் 10 ஏற்றினால் வாய்ப்பு 40 சதவீதமாக இறங்கும். ஆனாலும் இரண்டு வெட்டின் சராசரி 17.5 ஆகிவிடும். அதனால் எப்போதும் அப்படியே அடித்தேன்.

முதலில் இடித்தது கோப்ளின் என்ற சின்ன அரக்கர்களோடு நடந்த சண்டையில். கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, உயிர் 7. என் சாதாரண வெட்டு பட்டாலே போதும். இரண்டு பகடையிலும் 1 விழுந்தால் மட்டும்தான் பிழைக்கும். அப்படியிருக்க, 7 உயிருள்ள ஒன்றின் மேல் 21 டேமேஜை இறக்குவதற்காக, 65 சதவீத வாய்ப்பை விட்டுவிட்டு 40 சதவீதத்தை எடுத்திருக்கிறேன். அட்டவணைப்படி நான் முன்னேறினேன். களத்தில் கோப்ளின்கள் கூடுதல் நேரம் உயிரோடிருந்து எங்களை அடித்தன. மீதி 14 டேமேஜ் யாருக்கும் உதவவில்லை, ஆனால் என் வரவில் ஏறியது.

அப்புறம் கொள்ளைத் தலைவன் சண்டை. உயிர் 65, ஒரு டர்னுக்கு மூன்று தாக்குதல். தோழி ஆளை உறைய வைக்கும் ஹோல்டு பெர்சன் மந்திரத்தைப் போட்டாள், அவன் இரண்டு டர்ன் அசையவில்லை. அதாவது ஆறு தாக்குதல்கள் நடக்கவே இல்லை. உறைந்து நிற்பவன் மேல் எனக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று அடிப்பதால் பட்டதெல்லாம் கிரிட்டிகல். வாய்ப்பு ஏறக்குறைய 88 சதவீதம், ஒவ்வொரு வெட்டும் சராசரி 18. இரண்டு வெட்டுக்குக் கிட்டத்தட்ட 31.6. சாதாரணமாக நான் தருவது 15. மீதி, அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல், அவள் மந்திரம் தந்தது. என் அட்டவணை மொத்தத்தையும் என் பெயரில் எழுதி, அவளுக்குப் பூஜ்ஜியம் போட்டிருந்தது. அன்று இரவே அதைக் கிழித்துப் போட்டேன்.

அவளுடைய பிளெஸ் மந்திரமும் இதே கதைதான். மூன்று பேருக்குத் தாக்குதலில் ஒரு நான்குமுகப் பகடை கூடும். சராசரி 2.5, அதாவது 12.5 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. நான் ஃபீட்டோடு அடிக்கும்போது அதுவே வெட்டுக்கு 2.6 டேமேஜ்.

ஆட்டத்தை நடத்தும் டிஎம்களுக்கான 2014 புத்தகமே அரக்கர்களை உயிர், ஆர்மர் கிளாஸ், முதல் மூன்று ரவுண்டின் சராசரி டேமேஜ் ஆகியவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் எடைபோடச் சொல்கிறது. அரக்கருக்கு அது ஓரளவு சரி, பெரும்பாலும் ஒரே சண்டையோடு முடிந்துவிடும். நாம் நாள் முழுக்கப் பல சண்டைக்கு மந்திர ஸ்லாட்டுகளை, அதாவது எண்ணிக் கிடைக்கும் மந்திர வாய்ப்புகளை, பங்குபோட வேண்டியவர்கள்.

இப்போது நோட்டில் டேமேஜை எழுதுவதில்லை. எதிரிக்கு எத்தனை டர்ன் போனது, எங்களுக்கு எத்தனை டர்ன் மிஞ்சியது என்று எழுதுகிறேன். ஒரு சண்டையில் என் உயிர் பூஜ்ஜியமாகி விழுந்தேன். அவள் உயிரூட்டும் ஹீலிங் வேர்டு மந்திரத்தைச் சொன்னாள். கிடைத்தது 6 உயிர். பார்க்க அற்பம். ஆனால் என் டர்ன் வருவதற்குள் சொன்னதால், பாதி நடையைச் செலவழித்து எழுந்து இரண்டு முறை வெட்டினேன். அந்த டர்னை அவள் பக்கம் எழுதினேன். கேரக்டரை மாற்றும் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எழுத வராத ஒன்று இன்னும் இருக்கிறது. குறுகிய வழியை அடைத்து நிற்கும்போது நான் யாரையும் அடிக்காத ரவுண்டுகூட வீண் இல்லை. அது எத்தனை டர்னுக்குச் சமம்? அதனால் சண்டை முடிந்ததும் டிஎம்மிடம் கேட்கிறேன்: நான் அங்கே நிற்காவிட்டால் அந்த ஓகர் யாரிடம் போயிருக்கும்? அவர் சொல்வதை அப்படியே ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.